எலும்பு கழுவுகிற பீர் முகமது

புனேயில், கட்கி பஜாரில் பீர் முகமது என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஹட்டிவாலா என்று கேட்டால் மசூதிக்குப் பின்னால் இருக்கிற சந்துப் பக்கம் கை காட்டுவார்கள், கூடவே ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். ஹட்டி என்றால் எலும்பு. மேலப்பாளையத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்களில் ஆண்பிள்ளை என்றால் வெடிமருந்துத் தொழிற்சாலை, அதை விட்டால் பஜாரில் ஒரு கடை என்றிருந்த காலம் அது. இந்த மனிதர் மட்டும் தினமும் நகரத்துக்கு சைக்கிள் மிதித்துப்போய் எலும்பு கழுவிக்கொண்டிருந்தார். ஆட்டெலும்பு மாட்டெலும்பு என்றாலாவது ஜனங்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள். இவர் கழுவியது மனித எலும்பு, அதுவும் மூவாயிரம் வருஷத்துப் பழசு.

"செத்தவனைக் குளிப்பாட்டுததுக்கு சர்க்கார் சம்பளமா, பாய்?" என்று டீக்கடையில் கேலி பண்ணுவார்கள்.

"ஒங்களக் குளிப்பாட்டயில சம்பளம் வாங்க மாட்டேன், கவலப்படாதிய" என்று ஒரு போடு போட்டுவிட்டு இவர் டீயைக் குடிப்பார். அப்போது அவருக்கு வாய் இருந்தது. பின்னால் அதுவும் போயிற்று.

வேலை ஒரு தொல்பொருள் ஆராய்ச்சி நிலையத்தில். தோண்டுகிறவர்கள் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து போடும் ஓடுகளையும் எலும்புகளையும் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். நிழலில் காயவைக்க வேண்டும். உதிர்ந்துபோகாமல் இருக்க ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் முக்கியெடுக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையால் எண் எழுத வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. அவசரக்காரன் ஒருவன் ஒரு வாரம் செய்தால் மூவாயிரம் வருஷம் தாங்கியது மாவாகிவிடும். பீர் முகமதுவுக்கு அவசரமே வராது.

அங்கே அவரோடு தமிழ் பேச ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். விசாலாக்ஷி, ராணுவக் கணக்கு அலுவலகத்து அதிகாரி ஒருவரின் மகள். தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி வீட்டில் நச்சரித்தாலும் காதில் வாங்காமல் எலும்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நல்ல மனசுக்காரி. கேட்காமலே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வாள். ஒருமுறை சொன்னது புரிந்தாலும் இரண்டாம் முறையும் சொல்வாள்.

அவள் கேள்வி மழையைப் பற்றியது. பீமா நதிக்கரையில் ஒரு மேட்டைத் தோண்டியதில், வீட்டின்மேல் வீடாக ஒரு பழைய ஊர் கிடைத்திருந்தது. பார்லி விதைத்து, மாடு வளர்த்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜனங்கள் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏன் போனார்கள்? மழை பொய்த்ததா? பொய்த்தது என்றால் எப்போது? மற்றவர்கள் ஆற்று மண்ணையும் கருகிய தானியத்தையும் பார்த்தார்கள். விசாலாக்ஷி குழந்தைகளைப் பார்த்தாள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம். குழந்தை செத்தால் வெளியே கொண்டுபோக மாட்டார்கள். இரண்டு பானைகளை வாயோடு வாய் பொருத்தி, உள்ளே பிள்ளையை வைத்து, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்துவிடுவார்கள். மேலே சாணி மெழுகிவிட்டு அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுப்பார்கள்.

"வளர்ற கொழந்தை பட்டினி கெடந்தா எலும்பு வளராம நின்னுடும், பாய்" என்பாள் விசாலாக்ஷி. "மறுபடி சாதம் கெடச்சா வளர ஆரம்பிக்கும். நின்ன எடத்துல ஒரு கோடு விழுந்துடும். எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியும். கோடு நெறய இருந்தா பஞ்சம். பஞ்சம்னா மழை இல்லை."

ஊர் காலியாகிற காலத்தைச் சேர்ந்த மேல் அடுக்கில் கிடைத்த குழந்தைகளுக்கெல்லாம் கோடு கோடாக இருக்கும் என்பது அவள் கணிப்பு. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதற்குள் வெள்ளம் வந்துவிட்டது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஜூலை மாதம் பான்ஷேத் அணை உடைந்ததைப் புனேக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தின் கிடங்கு அப்போது நாராயண் பேட்டையில், ஆற்றை ஒட்டி, வாடா என்கிற பழைய மராத்திக் கட்டு வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது. அன்றைக்குப் பார்த்து பீர் முகமது மகள் சஃபியாவையும் சைக்கிளில் வைத்துக் கூட்டி வந்திருந்தார். ஒரே பிள்ளை, ஆறு வயது, ரோஸ் கவுன். கடைவாய்ப் பல்லில் சொத்தை, ராத்திரியெல்லாம் அழுகை. கிடங்கைத் திறந்து கொடுத்துவிட்டு, பல் டாக்டரிடம் போவதாக ஏற்பாடு.

ஆறு ஏறுகிறது என்று தெருவில் சத்தம் கேட்டபோது தண்ணீர் வாசலில் கணுக்கால் அளவுதான் இருந்தது. மழைக்காலத்தில் இது சகஜம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கீழ்த்தட்டுகளில் இருந்தவற்றை மாடிக்கு ஏற்ற வேண்டும். குழந்தை எலும்புகளின் பெட்டிகள்தான் தண்ணீர் பட்டால் முதலில் கரையும் என்று பீர் முகமது அவற்றைத் தூக்கினார்.

"மேல வா தாயி, மாடியில உக்காரு."

"மாட்டேன் வாப்பா. மேல மண்டையோடு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

சரி, பின்வாசல் படியில் உட்கார், வாப்பா இதோ வந்துவிடுகிறேன் என்று உட்காரவைத்துவிட்டு ஏறினார். ஏறி இறங்கினார். மறுபடி ஏறினார். கையில் பெட்டியோடு மாடிப்படியின் பாதியில் நிற்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஆற்றுப்பக்கத்துச் சுவர் மொத்தமும், பக்கத்து வீட்டில் பாதியும், பின்வாசலின் மேல் விழுந்தது. அப்புறம் தண்ணீர் மாடிப்படியிலேயே ஏறி வந்தது. பெட்டியை மாடியில் வைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தவரை யாரோ கூரைமேல் இழுத்துப் போட்டார்கள். இழுத்துப் போட்டவனை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கையால் தோண்டினார். நகராட்சி ஆட்கள் வந்து, மிச்சச் சுவரும் விழுந்துவிடும் என்று விரட்டிவிட்டார்கள். பிறகு வாடாவின் உரிமையாளரும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த இடிபாடு யாருடையது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஆயிரம் வீடு போன ஊரில் இவர்கள் இருவருக்கும் குவியல்மேல்தான் கண். அந்த மேடு அப்படியே கிடந்தது.

சஃபியாவின் தாய் சைனபு மகள் செத்ததை ஒத்துக்கொள்ளவே இல்லை. மையித்து எங்கே, உடலைக் காட்டுங்கள் என்றாள். காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. ரோஸ் கவுன் போட்ட ஒரு பிள்ளையைக் கோர்படி ரயில்வே காலனியில் யாரோ எடுத்து வளர்க்கிறார்கள் என்று எந்தப் புண்ணியவானோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். அவ்வளவுதான். விடிந்ததும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். கோர்படியில் வீடு வீடாகக் கதவைத் தட்டுவாள். முதலில் தண்ணீர் கொடுத்தவர்கள் பின்னால் கதவைச் சாத்தினார்கள். வீட்டில் அடுப்பு எரிவதில்லை. தலையில் எண்ணெய் இல்லை. ஒரு வருஷம் தாண்டியும் இப்படியே போயிற்று. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த யாருடைய பெண்ணையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் பீர் முகமது அவளைக் கூட்டி வந்தார்.

"அடுத்த தடவை யெரவாடா பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான்" என்று இன்ஸ்பெக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போன பீர் முகமது பதினேழாம் பெட்டியைத் திறந்தார். மேல் அடுக்கு வீட்டுத் தரையில் கிடைத்த பிள்ளை அது. பல்லை வைத்து ஐந்தாறு வயது இருக்கும் என்று விசாலாக்ஷி சொல்லியிருந்தாள். சுவர் விழுந்தபோது அவர் கையில் இருந்ததும் அந்தப் பெட்டிதான். அரக்கு வாசனை போக ஸ்பிரிட்டால் துடைத்தார், எண்களைச் சுரண்டினார், மேலே சேற்றைப் பூசினார். தன் கைலியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

"இடிபாட்டுல கெடச்சா" என்றார்.

சைனபு இரண்டு கையையும் நீட்டினாள். மடியில் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு வருஷமாக அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெடித்து வெளியே வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். தண்ணீர் காய்ச்சி அவளே கழுவினாள், அவளே கஃபன் துணியில் வைத்தாள். "எவ்வளவு சின்னதா ஆயிட்டா, மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிவாசல் இமாம் ஹஸரத் வந்து ஜனாசா தொழுகை நடத்தினார். கட்கித் தமிழ் ஜமாத்து முழுக்க வரிசையாக நின்றது. தொழுகை எந்தப் பிள்ளைக்கு என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும், முதல் வரிசையில் நின்ற பீர் முகமதுவுக்குத் தெரியும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவளோ ஒருத்தி, பிள்ளை கண்ணுக்கு மறையக்கூடாது என்று தன் அடுப்பங்கரையிலேயே வைத்துக்கொண்டதை எடுத்துவந்து வேறொருத்தியின் மகளாக்கிக் கபருக்குள் இறக்கினார். பாவம் என்று தெரிந்தேதான் செய்தார். ஆனால் அன்று இரவு சைனபு சோறாக்கினாள். நாலு மாதத்தில் அவள் முகத்தில் ஆள் களை வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கபர்ஸ்தான் வேலிக்கு வெளியே நின்று ஃபாத்திஹா ஓதிவிட்டு, பஜாரில் காய்கறி பேரம் பேசி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

பதினேழாம் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்த விசாலாக்ஷி அழுதாள். "எத்தனையோ போச்சு, மாடியில பத்திரமா இருந்ததும் போகணுமா?" என்றாள். வெள்ளத்துக்குப் பிறகு நடந்த இடமாற்றத்தில் எங்கேயோ தவறியது என்று எல்லாருமாக முடிவுகட்டினார்கள். வெள்ளத்தின் தலையில் எதைப் போட்டாலும் அது தாங்கும். மிச்சப் பெட்டிகள் ஓர் இரும்பு பீரோவுக்குள் போயின. சாவி விசாலாக்ஷியின் கைப்பைக்குள் போயிற்று.

அறுபத்துமூன்றாம் வருஷக் கோடையில் கோர்ட்டு வழக்கு ஒரு வழியாக முடிந்தது. இடிபாட்டை அள்ள ஆள் வந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டுபோன பெட்டிகளில் இருந்தவை அந்தச் சேற்றுக்குள் சிக்கியிருக்கலாம் என்று நிலையத்திலிருந்தும் சல்லடைகளோடு போனார்கள். ஏற்கெனவே அந்தச் சந்தில் பானை ஓடுகளும் பழைய எலும்புத் துண்டுகளும் அவ்வப்போது கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. பீர் முகமது யாரிடமும் கேட்காமல் பின்வாசல் படிப்பக்கத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். மற்ற ஆட்களை அங்கே அண்டவிடவில்லை.

அங்கேதான் இருந்தாள். படியை விட்டு நகரவே இல்லை. வாப்பா உட்காரச் சொன்ன இடத்திலேயே இருந்திருக்கிறாள்.

பழைய எலும்பை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கல்லா எலும்பா என்று பார்க்கத் தோண்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். சமீபத்து எலும்பு ஒட்டாது. பீர் முகமது ஒரு சின்ன விரலெலும்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. தாடையைத் திருப்பினார். கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. சேற்றோடு சேறாக ஒரு முழம் துணி கிடந்தது, கழுவினால் ரோஸ் நிறம் தெரியும். அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஏன் செருகினார் என்று அவருக்கே அப்போது தெரியாது.

"பாய்!" என்று பின்னால் சத்தம். விசாலாக்ஷி சல்லடையைப் பார்த்துவிட்டாள். மண்டியிட்டு உட்கார்ந்தாள், பல்லைப் பார்த்தாள், அவள் முகம் மலர்ந்தது. "ஆறு வயசு! பாய், இது பதினேழு! நம்ம பதினேழு கெடச்சுடுத்து! அன்னிக்கு நீங்க மாடியில வச்சது வெறும் பெட்டிதான், எலும்பெல்லாம் இங்க கொட்டி நம்பரும் அழிஞ்சு போயிருக்கு!"

பீர் முகமது வாயைத் திறந்தார். இது என் மகள் அம்மா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் கபரில் இருப்பது யார் என்று கேட்பார்கள். சைனபு கேட்பாள். கழுவி, மடியில் வைத்து, முத்தம் கொடுத்து, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை யாருக்கு ஓதினேன் என்று கேட்பாள். ஊரே தொழுதது யாருக்கு என்று ஜமாத்து கேட்கும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காய்கறி பேரம் பேசுகிற அந்தப் பெண்பிள்ளை மறுபடியும் கோர்படியில் கதவு தட்டுகிற பெண்பிள்ளையாகிவிடுவாள்.

"ஆமாம்மா" என்றார். "பதினேழுதான்."

அன்று மாலை எல்லாரும் போன பிறகு மகளைக் கழுவினார். வெந்நீர் வைத்துக் கழுவினார், உதட்டுக்குள் ஓதிக்கொண்டே கழுவினார். எப்படியாவது இவளை எடுத்துப்போய் அந்தக் கபரிலேயே ஓரமாக வைத்துவிடலாமா என்று யோசித்தார். ஆனால் விசாலாக்ஷி எலும்புகளைத் துண்டு துண்டாகக் குறித்துவைத்திருந்தாள். இன்னொரு முறை பதினேழு காணாமல்போனால் தேடுகிறவர்கள் நேராக அவரிடம்தான் வருவார்கள், அவரிடமிருந்து கபருக்கு வருவார்கள். ஒரு பெட்டியைத் திருடியதால் சொந்தப் பிள்ளையைத் திருடக்கூட வழியில்லாமல் போயிற்று. வேறு யாரும் நாக்கில் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் அரக்கில் முக்கினார். அரக்கு ஏறிய எலும்பு எல்லாம் ஒன்றுபோலப் பழுப்பாகத்தான் இருக்கும், எதுவும் நாக்கில் ஒட்டாது. பிறகு மைக்கூட்டைத் திறந்து, சஃபியாவின் ஒவ்வோர் எலும்பிலும் பதினேழு என்று எழுதினார்.

காலையில் விசாலாக்ஷி வந்து பீரோவைத் திறந்து, பதினேழை உள்ளே வைத்துப் பூட்டினாள். மேலே மண்டையோடு இருக்கிறது, வரமாட்டேன் என்று அழுத பிள்ளை இப்போது அவற்றுக்கு நடுவில். அதை நினைத்ததும் பீர் முகமது அங்கிருந்து நகர்ந்தார். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து கிளம்பும்போது அந்த பீரோவின்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போவார். துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நிலையத்தில் நினைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் அவரைக் கேலி செய்தால் பதில் வருவதில்லை என்பதால் கேலியும் நின்றுபோயிற்று.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றில் சொல்லிவைத்து எல்லா எலும்புகளையும் எக்ஸ்ரே எடுத்து வந்தாள் விசாலாக்ஷி. படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவரைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்கோ பாய். இது பதினொண்ணு. குறுக்கால கோடு தெரியறதா? ஒண்ணு, ரெண்டு, மூணு... பாவம், எத்தனை தடவை பட்டினி கெடந்திருக்கு. இது பதினாலு. இதுக்கும் அப்படித்தான். எல்லாமே மேல் அடுக்கு. நான் நெனச்ச மாதிரியேதான் வந்திண்டிருந்துது. இப்போ இதைப் பாருங்கோ. நம்ம பதினேழு."

கறுப்புத் தாளில் வெள்ளையாக ஒரு சின்னக் கால் எலும்பு. பீர் முகமது அதையே பார்த்தார்.

"ஒரு கோடு கூட இல்லை!" என்றாள் அவள். "அதே அடுக்கு, அதே மாதிரி வீடு. ஆனா இந்தக் கொழந்தைக்குப் பசின்னா என்னன்னே தெரியாது, பாய். பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் கூடக் கொறை வைக்காம வளர்த்திருக்கா. பாலும் சாதமும் வேளாவேளைக்குக் குடுத்திருக்கா. அப்போ என் கணக்குதான் தப்பு. இந்த வீட்டுல அவா இருந்த வரைக்கும் மழை நன்னாத்தான் பெஞ்சிருக்கு. பஞ்சமெல்லாம் அதுக்கப்புறம். நான் மொத்தத்தையும் திருப்பி எழுதணும்."

எந்தக் காலத்திலோ பெய்யாத ஒரு மழை இவள் எழுத்தில் பெய்யப்போகிறது. ராப்பகலாகப் பாடுபடுகிற பெண். இது தவறு அம்மா, எழுதாதே என்று தடுக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். அது பீர் முகமதுவுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் கண் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. சுவர் விழுந்த நாளிலிருந்து சஃபியாவைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பாவம் என்றார்கள், நசீபு, விதி என்றார்கள், பிள்ளையைப் படியில் விட்டுவிட்டு எலும்பைத் தூக்கப் போனவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

"என்ன பாய், புரிஞ்சுதா?"

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார். "அந்தப் பிள்ளைய எப்படி வளத்தாங்கன்னு."

அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, விசாலாக்ஷி படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, நிறுத்தி நிதானமாக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.